காலியாகப் பறந்த இருக்கை

மாமியின் வலது கால்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பரங்கிமலைக்கு அப்பால், விமானம் இறங்குகிற புல்வெளியின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதன் வாசலில் சாமான் நிறுக்கும் பலகைத் தராசு. பனியில் நனைந்திருந்த அந்த இரும்புப் பலகைமேல், மஞ்சள் பூசிய அந்தக் கால் மெட்டியோடு தயங்காமல் ஏறி நின்றது. அதுவரை மாமி எந்த இடத்திலும் தானாக முன்வந்து நின்று நான் பார்த்ததில்லை.

மாமி என் சீனியரின் மனைவி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் மயிலாப்பூரில் அந்தப் பெரிய வக்கீலிடம் நான் ஜூனியராக இருந்தேன். பிற்காலத்தில் அவர் காலமானபோது லஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்காத மனிதர், காலத்தின் அருமை தெரிந்தவர். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் பாட்டைக் கேட்கப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் நேரத்தை மிச்சம் பிடித்த விதம் எனக்குத் தெரியும். வெளியூர் கேஸ் என்றால் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குச் சாமான்களோடு நான் முன்னதாகவே போய்விட வேண்டும். நிறுக்கிற இடத்தில் கும்பலில் நசுங்கி, பெட்டிகளைப் பதிவு செய்து, சீட்டை வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கார்டு கொடியை எடுக்கும் சமயத்தில் அவர் கையை வீசிக்கொண்டு வருவார். “பாத்தியா? ஒரு நிமிஷம் வேஸ்ட் இல்லை” என்பார். அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் அடுத்தவர்களுடைய நேரம். என்னுடையது போகட்டும், கூலியாவது வருகிறது. மாமியின் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் பம்பாயில் அவருக்கு ஒரு பெரிய கேஸ் வந்தது. தபால் மூட்டைகளைச் சுமந்து போகும் சின்ன விமானத்தில் ஒரே ஒரு ஆளுக்கு இடம் கொடுப்பார்கள். காலையில் இங்கே ஏறினால் பொழுது சாய்வதற்குள் பம்பாய். கட்சிக்காரர் அந்த இடத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். மவுண்ட் ரோடில் விமானக் கம்பெனி ஆபீஸில் நான் டிக்கெட் வாங்கப் போனபோதே சொல்லி அனுப்பினார்கள்: ஆளையும் சேர்த்து நிறுப்போம், கைப்பை மட்டும் கொண்டுவந்தால் தாமதமில்லாமல் ஏறிவிடலாம் என்று. சீனியரிடம் அப்படியே சொன்னேன். சரி என்றார்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை மாதுங்காவிலிருந்து தந்தி வந்தது. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த அவர்களுடைய ஒரே பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அம்மாவைக் கேட்கிறாள். மாமி ஆபீஸ் அறைக்குள் வரவே மாட்டாள். அன்று வந்தாள்.

“அந்த சீட்டுல நான் போறேனே. அவ என்னைத்தானே கேக்கறா?”

“நீ போய் என்ன பண்ணப்போறே? டாக்டரோட இங்கிலீஷ்ல பேசணும். கேஸ் முடிஞ்ச கையோட நானே போய்ப் பாத்துடறேன்.” அவர் தலையை நிமிர்த்தவில்லை.

விடிந்ததும், நான் தயாராக வைத்திருந்த கைப்பையைத் தள்ளிவிட்டுப் பெரிய தோல் பெட்டியை எடுக்கச் சொன்னார். சட்டப் புத்தகங்களையும் கேஸ் கட்டுகளையும் அதில் திணித்தார். எடை போடுவார்களே என்றேன். “என் பெட்டியை எவன் நிறுத்திருக்கான் இதுவரைக்கும்?” என்றார். மாமியும் மோட்டாரில் ஏறிக்கொண்டாள். மர்மலாங் பாலம் தாண்டிப் பரங்கிமலைப் பக்கம் போனோம்.

தராசருகே கம்பெனி ஆளான ஒரு சாயபு இருந்தார். சீனியரை ஏற்றினார், பெட்டியை ஏற்றினார், தலையை ஆட்டினார். “பொட்டி ரொம்ப கனமா கீது சார். புஸ்தகத்தை எடுத்துட்டீங்கன்னா போலாம்.”

“எடுக்க முடியாது. ஒரு தபால் மூட்டையை இறக்கு.”

“அது ஆவாது சார்.”

அதிலிருந்து ஆரம்பித்தது வாதம். தாம் யார் என்று சொன்னார். கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றார். ஷரத்துகளை எடுத்துப் பேசினார். விமானி, ஒரு வெள்ளைக்காரர், வானத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்தின் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. நேரத்தின் அருமை தெரிந்தவர் அங்கே நின்று வார்த்தை வார்த்தையாக அதைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாமி தராசில் ஏறினாள்.

“என்னை நிறுங்கோ. எனக்குப் பெட்டி ஒண்ணும் கிடையாது.”

சாயபு திகைத்துப்போனார். ஆனாலும் தராசின் குண்டை நகர்த்திப் பார்த்தார். “அம்மா தாராளமா போலாம் சார். இன்னா சொல்றீங்க?”

“இறங்குடி கீழே.”

மாமி அசையவில்லை. “அவ செத்துண்டிருக்கா” என்றாள், மெதுவாக.

“பொம்மனாட்டி தனியா, ஒரு வெள்ளைக்காரனோட ஆகாசத்துல போறதா? ஊர் என்ன பேசும்?”

“மாமி போகட்டும் ஸார்” என்றேன். “கோர்ட்டுக்கு வாய்தா கேட்டுத் தந்தி கொடுத்துடலாம்.”

“நீ வாயை மூடிண்டு பெட்டியைத் தூக்கு” என்றார். மாமியின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவளுக்குக் கால் இடறியது. சாயபு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விமானம் கிளம்பிவிட்டது. அந்த இடம் காலியாகவே போயிற்று. இவர் பெட்டியையும் விடவில்லை, அவளையும் விடவில்லை. புல்வெளிக்கு மேலே அது சின்னதாகிக் கண்ணுக்கு மறையும்வரை மாமி பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பும் வழியெல்லாம் அவர் கம்பெனிமேல் போடப்போகும் வழக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அன்றைய மெயில் ரயிலிலேயே மூவரும் கிளம்பினோம். தாதர் ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. விமானம் பம்பாயில் இறங்கிய அந்த மாலையெல்லாம் பெண்ணுக்கு நினைவு இருந்ததாம். இருட்டிய பிறகுதான் போயிருக்கிறாள். “அம்மா வந்துட்டாளான்னு கேட்டுண்டே இருந்தா” என்று மாப்பிள்ளை சொன்னபோது, சீனியர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜம்தான். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. அந்தக் கேஸுக்கோ, கேட்டவுடன் வாய்தா கிடைத்துவிட்டது.

இன்று மீனம்பாக்கத்தில் பெண்கள் தன்னந்தனியாக, இடுப்பில் குழந்தையோடு, எடை போடும் இடத்தில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊர் பேசும் என்று அவர் பயந்தாரே, அந்த ஊர் இதுதான்.

காரியங்கள் முடிந்து சீனியர் புறப்பட்டபோது மாமி வரவில்லை. பிரசவத்தில் பிழைத்துக்கொண்ட, தாயில்லாத பெண்குழந்தையோடு மாதுங்காவிலேயே இருந்துவிட்டாள். சில மாதம் பொறுத்து, அழைத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். நான் போனபோது மாமி கால்களை நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் சாப்பாட்டுக்குச் சிரமப்படுவதாகச் சொன்னேன். குழந்தையைத் திருப்பிப் போட்டு முதுகில் எண்ணெய் தடவினாள்.

“அன்னிக்கு எனக்காக வாயைத் திறந்தவன் நீ ஒருத்தன்தான்” என்றாள். “நீ ஏன் இன்னும் அங்கேயே இருக்கே?”

ஊர் திரும்பியதும் நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன். “வந்தாளா?” என்றார்.

“வரலை ஸார். வரவும் மாட்டா.”

“உன்னை அனுப்பினதுல அத்தனை நாளும் வீண்” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

“நாளையிலேர்ந்து நானும் வரமாட்டேன் ஸார்” என்றேன். அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தது.