செயலாளர் வீட்டுக் குரல்

எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தின் இணையதளத்தை நான்தான் கவனிக்கிறேன். அதில் யார் படம் பெரிதாக வர வேண்டும் என்று சண்டை போடும் உறுப்பினர்கள், புயலன்று கட்டுமாவடி நிவாரண முகாமுக்குக் கூப்பிட்டபோது ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். எரிச்சலோடு தனியாகவே ரேடியோவை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை; டவர் இல்லாமலே பேச முடிகிற என் ரேடியோ மட்டும்தான் இருந்தது. முகாமிலிருந்த மீனவப் பெண் ஒருவர் ஓடி வந்தார்.

"மகள பிரசவத்துக்கு புதுக்கோட்டை ஆசுபத்திரியில சேத்திருக்குங்க. என்னாச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க."

ரேடியோவில் சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. ஒருவரும் பதில் தரவில்லை. ஆத்திரத்தில் மைக்கை வைக்கப்போனபோது ஒரு பெண் குரல் கேட்டது. புதுக்கோட்டையிலிருந்து எங்கள் செயலாளரின் மனைவி பேசினார். விஷயத்தையும் மகளின் பெயரையும் சொன்னேன்.

"அவரு கல்யாணத்துக்குப் போயிட்டாருங்க. எங்கிட்டயும் ரேடியோ லைசன்ஸ் இருக்கு. இங்கயும் போன் இல்ல. நானே ஆசுபத்திரிக்குப் போயிட்டு வாரேன்."

கொட்டும் மழையில் ஸ்கூட்டரில் போய்த் திரும்பி, மீண்டும் பேசினார்.

"பொம்பளப் புள்ளைங்க. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க."

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

மறுநாள் செல்போன் உயிர்பெற்றதும், வராத உறுப்பினர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில், "நம்ம சேவைய சைட்டுல போடுங்க" என்றார்கள். பற்றிக்கொண்டு வந்தது. செயலாளரின் மனைவிக்குப் போன் செய்து, அவர் படத்தைக் கேட்டேன்.

"படமெல்லாம் வேணாங்க. அடுத்த கூட்டத்துக்கு எனக்கும் சொல்லி விடுங்க."

ஆளே இல்லை என்று நான் புலம்பிய நாளெல்லாம் அவர் செயலாளர் வீட்டில்தான் இருந்திருக்கிறார்.