லுட்மிலா எழுதி, கிளைடு பேசிய உரை

வில்மர் கிரீக் உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில் அந்த வருடம் ஒன்பது பேர்தான். ஆறு பெண்கள், மூன்று பையன்கள். அதில் இரண்டு பேர் ஒரே வீடு: லுட்மிலா ஹவெல்காவும் அவள் தம்பி யாரோமிரும். பண்ணையிலிருந்து பள்ளிக்கு நாலு மைல் நடை. மகளைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் தாய் பார்போரா அவளை ஒரு வருடம் வீட்டிலேயே நிறுத்தி, தம்பியோடு சேர்த்துப் பள்ளியில் விட்டாள். அதனால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வகுப்பு, பல சமயம் ஒரே புத்தகம்.

நெப்ராஸ்கா சோளக்காட்டில் பிறந்தவர்கள்தான் என்றாலும், பெற்றோர் ஐரோப்பாவின் பொஹீமியாவிலிருந்து குடியேறியவர்கள் என்பதால் ஊருக்கு அவர்கள் 'பொஹீமியாக்காரர்கள்'. யாரோமிர் அதைச் சிரித்தே கடந்துவிடுவான். பேஸ்பால், நாடகம், கூட்டுப் பாட்டு எதிலும் அவன் இல்லாமல் நடக்காது. வகுப்பில் லிடா என்று கூப்பிடப்பட்ட லுட்மிலாவுக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது. அவள் மதிப்பெண் வாங்கினாள். லத்தீனிலும் வடிவியலிலும் அவளைத் தாண்ட ஆள் இல்லை.

வகுப்புத் தலைவன் கிளைடு ஸ்டோடர்டு. தானியக் கிடங்கு முதலாளியின் மகன். அந்த முதலாளியே பள்ளிக் குழுவின் தலைவரும்கூட.

1911 அக்டோபரில் கொடிச் சண்டை வந்தது. வருடா வருடம் வருவதுதான். ஒரு வகுப்பு தன் நிறக் கொடியை எங்காவது உயரத்தில் கட்டும், இன்னொரு வகுப்பு அதைக் கிழித்துத் தன் கொடியைக் கட்டும். அந்த முறை பதினோராம் வகுப்பினர் ரயிலடித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் பச்சைக் கொடியைக் கட்டிவிட்டார்கள். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. இரும்பு ஏணியில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாருடா ஏறப் போறீங்க?" என்றான் கிளைடு.

பிறகு யாரோமிரின் பக்கம் திரும்பினான்.

"ஏன்டா பொஹீமியாக்காரா, வைக்கோல் போர்ல தாவித் தாவி வளந்தவன்தானே நீ? பயமா இருந்தா சொல்லிடு. ஹேசல் பாவாடையைச் சொருகிக்கிட்டு ஏறிடுவா."

வகுப்புப் பெண்களில் ஒருத்தியான ஹேசல் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். யாரோமிரும் சிரித்துக்கொண்டே பூட்ஸைக் கழற்றினான்.

ஏறினான். பச்சையைக் கிழித்து எறிந்துவிட்டுத் தங்கள் வகுப்பின் நீலக் கொடியைக் கட்டினான். கீழே நின்றவர்கள் கை தட்ட, தொப்பியைக் கழற்றி ஆட்டினான். இறங்கும்போது பாதி வழியில் கால் வழுக்கியது. மூன்றாம் நாள், கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தான்.

விசாரிக்க வந்த ஷெரீஃபிடம் வகுப்பே ஒரே பதிலைச் சொன்னது: "அவனாத்தான் ஏறினான், சார். நாங்க வேண்டாம்னு எவ்வளவோ சொன்னோம்."

லுட்மிலா அப்போது அங்கே இல்லை. பள்ளியிலேயே இருந்து இலக்கியச் சங்கக் கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். தாய் படுத்த படுக்கையாகிவிட்டதால் ஐந்து வாரம் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது பக்கத்து மேசை காலியாக இருந்தது. அதை யாரும் அப்புறப்படுத்தவும் இல்லை, அதில் உட்காரவும் இல்லை. ஜனவரியில் ஒரு நாள் ஹேசல் அவளை மேலங்கி மாட்டும் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத லிடா. எங்கப்பா கிளைடோட அப்பா கிடங்குலதான் வேலை பாக்கறார்."

லுட்மிலா சொல்லவில்லை. வீட்டில் தந்தை மாதெய் உணவு மேசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எதைச் சொல்ல?

படிப்பில் மூழ்கினாள். விட்ட ஐந்து வாரப் பாடத்தையும் மார்ச்சுக்குள் முடித்துவிட்டாள். ஆண்டு மலருக்கு வகுப்பின் வரலாற்றை எழுதியது அவள்தான். நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். ஏப்ரலில் மதிப்பெண் பட்டியல் வந்தபோது முதலிடம் அவளுக்கு, இரண்டாமிடம் கிளைடுக்கு. முதலிடம் பெற்றவர் நிறைவு விழாவில் பிரியாவிடை உரை ஆற்றுவது வழக்கம்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் ஆல்வுட் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"உக்காரும்மா. பள்ளிக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கு. நாலு வருஷமும் தவறாம வந்தவங்கதான் உரை ஆத்தணுமாம்."

"போன வருஷம் அப்படி ஒண்ணும் இல்லையே, சார்."

"இந்த வருஷம் இருக்கு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிளைடு பேசுவான். ஆனா அவனுக்கு எழுத வராதுன்னு உனக்கே தெரியும். நீ எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும். யாரோமிரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை இருக்கணும். ஊர் எதிர்பார்க்கும்."

"நான் மாட்டேன்னா?"

"நீ டீச்சர் வேலைக்கு மனு போட்டிருக்கேல்ல? நற்சான்றுக் கடிதம் நான்தான் எழுதணும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

லுட்மிலா மூன்று நாள் எழுதினாள். தம்பியைப் பற்றிய பகுதியை எழுதும்போது மற்ற எல்லாமே மறந்துபோயிற்று. பனிக்காலத்தில் அவன் முன்னால் நடந்து அவளுக்கு வழி மிதித்துக் கொடுத்தது, வகுப்பில் அவன் அடக்க முடியாமல் சிரித்த சிரிப்பு, இன்னும் காலியாகவே இருக்கும் மேசை. கடைசியில் ஒரு வரி: 'அவனை மேலே அனுப்பியது நாங்கள், கீழே நின்று கை தட்டியதும் நாங்கள்தான்.'

ஆல்வுட் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். அந்த இடத்தில், 'வகுப்பின் மீதிருந்த பேரன்பால் அவனே ஏறினான்' என்று தன் கையாலேயே எழுதினார்.

கிளைடு அவளைப் பள்ளிப் படிக்கட்டில் நிறுத்தினான். அடித்த வரியையும் அவன் படித்திருந்தான்.

"லிடா, தினமும் அதே ஞாபகம்தான் எனக்கு. சத்தியமா."

"அப்போ அந்த வரியைச் சொல்லு. அடிச்சிருந்தா என்ன, உனக்குத்தான் வாய் இருக்கே."

"எங்கப்பா முன் வரிசைல உக்காந்திருப்பார்."

"எங்கப்பாவும்தான் வருவார்."

காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

மே கடைசியில் நிறைவு விழா. அரங்கு முழுக்க லைலாக் பூக்கள். வெள்ளை உடுப்பில் பெண்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிளைடு எழுந்து நன்றாகவே பேசினான். யாரோமிரின் பெயர் வந்ததும் அவன் குரல் நிஜமாகவே உடைந்தது. பனியில் வழி மிதித்தவன் என்றபோது பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஆல்வுட் மாற்றிய வரி வந்த இடத்தில் அவன் சற்றுத் தயங்கினான். லுட்மிலா மேடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் ஆல்வுட்டின் வரியையே சொன்னான்.

விழா முடிந்ததும் மாதெய் ஹவெல்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கிளைடிடம் போனார். ஆங்கிலம் அவருக்கு அரைகுறை. பையனின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"என் மகனை நீ மறக்கலை தம்பி. இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான் மறக்கலை."

கிளைடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குப் போகும் வழியில், குதிரை வண்டியில் வைத்துத் தந்தையிடமும் தாயிடமும் லுட்மிலா எல்லாவற்றையும் சொன்னாள். உரை தன்னுடையது என்பதையும், தம்பியைச் சீண்டி ஏற்றிவிட்டவன் யார் என்பதையும். மாதெய் குதிரையை நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பினார்.

"முதல் இடம் உனக்குக் கிடைக்கலைன்னு கோவம். சரி, அது எனக்கும் வருத்தம்தான். அதுக்காகச் செத்த தம்பியை வெச்சு அந்தப் பையன் மேல பழி போடுவியா? இவ்வளவு பொறாமையா உனக்கு?"

வீட்டில் அடுப்படியில் தாய் அவள் கையைப் பிடித்தாள். "நீ சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியும்டி. வழி மிதிச்ச கதை உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? ஆனா இன்னொரு தரம் அவர்கிட்ட சொல்லாத. இன்னைக்கு ஏழு மாசம் கழிச்சு மனுஷன் ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

லுட்மிலா அதற்குமேல் சொல்லவில்லை.

நற்சான்று கிடைத்தது. பண்ணைகளுக்கு நடுவே ஒற்றை அறைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையானாள். கிளைடு தந்தையின் கிடங்கில் உட்கார்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், உடம்பு பெருத்தான். மாதெய் தன் சோளத்தை அவனுக்கு மட்டுமே விற்றார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பார்போராவைக் கசகசாவும் பிளம்ஸும் வைத்த ரொட்டி சுடச் சொல்லி, மகளோடு வண்டியில் கிளைடின் வீட்டுக்குப் போவார். அவர் வண்டியிலேயே இருப்பார். கூடையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவள் லுட்மிலா.

எட்டாவது கிறிஸ்துமஸில் கிளைடு கதவைத் திறந்து, கூடையை வாங்காமல் நின்றான்.

"இன்னும் எத்தனை வருஷம் இதைக் கொண்டு வருவ?"

"எங்கப்பா இருக்கற வரைக்கும்."

"என்னால தாங்க முடியலை லிடா. நானே அவர்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. வண்டியிலதான் உக்காந்திருக்கார்."

அவன் மேலங்கிகூட இல்லாமல் பனியில் இறங்கிப் போனான். மாதெய் அவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். கிழவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கிளைடு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், திரு. ஹவெல்கா" என்றான். திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் கூடையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

மாதெய் 1923 வசந்தத்தில் இறந்தார். பார்போரா அதற்கு முந்தைய வருடமே போயிருந்தாள். சவப்பெட்டி தூக்குபவர்களில் கிளைடும் ஒருவனாக இருக்க வேண்டும் என்று கிழவர் சொல்லிவைத்திருந்தார். அவன் வந்தான், தூக்கினான். எல்லோரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் அவளுக்காகக் காத்து நின்றான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது.

"இப்பவாவது உண்மையைச் சொல்லிடட்டுமா, லிடா?"

"யார்கிட்ட?" என்றாள் லுட்மிலா.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு நடந்தாள். அந்த இலையுதிர் காலத்தில் பண்ணையை விற்றுவிட்டு லிங்கன் நகரத்தில் ஒரு பள்ளியில் லத்தீன் கற்பிக்கச் சேர்ந்தாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பழைய மாணவர் விருந்துக்கு அழைப்பு வரும். ஒன்றுக்கும் அவள் பதில் எழுதவில்லை.