வாயை ஊதச் சொன்னார்கள்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர்

பம்பாய்க்கு வருகிறவர்களுக்கு எலிபெண்டா குகையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது தாராவியிலிருந்து மாட்டுங்கா வழியாகச் செம்பூர்ப் பக்கம் ஒரு போலீஸ் சௌக்கிக்குப் போய்வந்த வழி. எந்தச் சௌக்கி என்று சொல்லப்போவதில்லை. மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். வீட்டில் மனநோயாளி இருந்தால் உங்களுக்கும் இந்த வழி என்றாவது தேவைப்படும்.

அன்று காலை ஆறரைக்கு அக்கா கதவைத் தட்டினாள். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். அவள் கணவர் தேவசகாயம் அத்தானுக்குத் தோல் பட்டறையில் வேலை. இரண்டு வருடமாக வியாதி. மாதக்கணக்கில் சரியாக இருப்பார், திடீரென்று நான்கு நாள் தூங்காமல் பேசுவார். திங்கள் மாலை செம்பூரில் நடுரோட்டில் நின்று லாரிகளை நிறுத்தியிருக்கிறார். பின்னாலேயே போன அக்காவின் கண்முன் போலீஸ் பிடித்தது. இவனுக்கு என்ன என்று கேட்டார்களாம். அக்கா 'தாரு', குடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

“குடிச்சவியள மறுநா விட்டுருவாவ. கிறுக்குன்னு சொன்னா மாஜிஸ்ட்ரேட்டு, ஆஸ்பத்திரின்னு இழுத்துட்டுப் போயிருவாவளே. அதான் தம்பி அப்படிச் சொன்னேன். ஆனா விடியுற வரைக்கும் விடலயே.”

எங்கள் சால் குடியிருப்பில் யாராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். குடி என்றால் அபராதத்தோடு போகும். ஆனால் மதுவிலக்கு உள்ள ஊரில் குடித்தவனிடம் அடுத்த கேள்வி, எங்கே குடித்தாய் என்பது. அதை அவள் யோசிக்கவில்லை. முதலில் வாயை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். வாடை இல்லை. இல்லாவிட்டால் என்ன? எங்கே குடித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அத்தான் வாழ்நாளில் தொட்டது ராப்போஜனத்தில் கொடுக்கும் ஒரு வாய் திராட்சை ரசம்தான். அதனால் “சர்ச்ல” என்று சொல்லியிருக்கிறார். கிண்டல் செய்கிறான் என்று அடித்திருக்கிறார்கள். திரும்பக் கேட்டார்கள், திரும்ப அதையே சொன்னார். வெளியே நின்ற அக்காவுக்கு ஒவ்வொரு அடியும் கேட்டது.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடை அரை மணி. அத்தானுக்கு மருந்து கொடுக்கும் டாக்டரம்மா எட்டுக்குத்தான் வருவார், அதற்கு முன் போய்ப் பயனில்லை. விஷயத்தைக் கேட்டதும் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதிக்கொண்டே சொன்னார்:

“நானே அவாளுக்கு மூணு தடவை எழுதியாச்சு. ஒரு மணி நேரம் கொடுங்கோ, கான்ஸ்டபிளுக்கெல்லாம் சொல்லித் தரேன்னு. ஏற்பாடு இல்லைன்னு மூணு தடவையும் ஒரே பதில்.”

என்ன சொல்லித் தருவீர்கள் என்று கேட்டேன். விரல்விட்டுச் சொன்னார். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாய்லர் பக்கத்தில் நிற்கவே ஆறு மாதப் பயிற்சி. இரும்புக்கு அது. மனிதனுக்குத் தடி ஒன்றே போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

ஒன்பது பத்துக்கு மாட்டுங்காவில் ரயில், குர்லாவில் மாறி மான்குர்த் வண்டி. மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு இருபது நயா பைசா. கூட்டத்தில் செம்பூரில் இறங்க விடாவிட்டால் கோவண்டி போய்த்தான் திரும்ப வேண்டும். சௌக்கியை அடைந்தபோது பத்து. கடிதம் இங்கிலீஷில் இருந்தது. பெரிய அதிகாரி வரட்டும் என்றார்கள். அதிகாரி பன்னிரண்டேகாலுக்கு வந்தார். படித்தார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அக்காவிடம் எரிந்து விழுந்தார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்டேன். மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுப்பியிருப்பேன் என்றார். அதனால்தான் சொல்லவில்லை என்றேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒன்று பத்துக்கு விட்டார்கள்.

அத்தானின் உதடு கிழிந்து, இடது கை வீங்கியிருந்தது. காலில் செருப்பு இல்லை. வாசல் வரை ஒரு வயதான ஹவில்தார் கூடவே வந்தார். அடித்தது அவர்தான் என்று அக்கா கண்ணால் காட்டினாள். தலையைச் சொறிந்துகொண்டு ஹிந்தியில் கேட்டார், இப்படிப்பட்ட ஆளை வேறு எப்படிப் பிடிப்பது, எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று.

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். தடியைக் கீழே வை. ஒருவர் மட்டும் பேசு. பெயரைக் கேள், சாப்பிட்டாயா என்று கேள். பதில் வரும்வரை காத்திரு.

“பஸ், இத்னா ஹி?” என்றார். அவ்வளவுதானா என்று.

அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் மூன்று கடிதங்களுக்கும் ஏற்பாடு இல்லை என்று பதில் போட்டிருக்கிறார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏற முடியவில்லை. கண்டக்டரின் காக்கியைப் பார்த்ததும் அத்தான் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். ஸ்டேஷன் வாசலில் ரயில்வே போலீஸ் நின்றிருந்தான். என் ஷூவை அவருக்குப் போட்டுவிட்டு மூவரும் நடந்தோம். தாராவிக்கு ஐந்து மைல், மூன்று மணி நேரம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். டாக்டர் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள், மராத்தியிலும் ஒரு பிரதி. நோயாளியின் சட்டைப்பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். குடித்திருக்கிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தப் பொய் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் பக்கத்துச் சௌக்கியில் அந்த நாலு வார்த்தையைப் போய்ச் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள். திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது அத்தானைப் பார்க்க அக்கா அறைக்குள் போனேன். தொழிற்சாலையில் எங்களுக்குக் கொடுக்கும் வேலைச் சட்டையும் காக்கிதான். அது எனக்குத் தோன்றவே இல்லை. பாயில் படுத்திருந்தவர் எழுந்து நின்றார். வீங்கிய கையை உடம்போடு சேர்த்துக்கொண்டு, நான் கேட்காமலே என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார்.

இப்போது அந்தச் சட்டையைத் தொழிற்சாலையிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வருகிறேன்.