கிணிங் அண்ணன்

ரசம் போதும் என்று சொல்லத் தாவீது வாயைத் திறப்பதில்லை. கையை நேராக நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இப்படியும் அப்படியும் அசைப்பார். சோறு இன்னும் வேண்டுமென்றால் ஆள்காட்டி விரல் தட்டைப் பார்த்துக் கீழே ஒரு சின்ன வட்டம் போடும். தட்டை எடுத்துவிடலாம் என்றால் அதே விரல் மேலே பார்த்துச் சுழலும். கரண்டியும் கையுமாக நிற்கும் மனைவி சாராளுக்கு இந்தப் பாஷை முழுக்க அத்துபடி. “வாய்ல கொழுக்கட்டையா வச்சிக்கினு கீறீங்க? நான் இன்னா நீங்க ஓட்ற கிரேனா?” என்று கத்துவாள். கத்தி முடிப்பதற்குள் விரல் காட்டிய இடத்தில் சோறு இறங்கியிருக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலை. அதன் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் கிரேனின் கூண்டில்தான் தாவீதின் பகல்கள் பதினோரு வருடமாகக் கழிகின்றன. உலை போடும் இரைச்சலில் அங்கே மனிதக் குரல் செல்லாக் காசு. தரையில் நின்று சைகை காட்டும் பாக்கியராஜின் கைதான் பேச்சு. விரல் மேலே சுழன்றால் தூக்கு. கீழே சுழன்றால் இறக்கு. சுழலும் விரலுக்கு மேல் மறு கையை அசையாமல் குடைபோலப் பிடித்தால், மெதுவாக. கவிழ்ந்த உள்ளங்கை அசைந்தால், நிறுத்து. கடைசிச் சைகைக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. மற்றதெல்லாம் பாக்கியராஜ் காட்டினால்தான் செல்லும். ‘நிறுத்து’ என்பதை யார் காட்டினாலும், டீ வாளியோடு வருகிறவர் காட்டினாலும், அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம்.

ஆலையில் அவரைத் தாவீது என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவர் கிணிங் அண்ணன்.

தொண்ணூற்றொன்றில், மீசை சரியாக முளைக்காத வயதில், ‘ஜிகினா ஸ்டார்ஸ்’ என்ற பெயரில் நாலு பேர் ஒரு கேசட் போட்டார்கள். நாலு பேருக்கும் ஒரே துணியில் தைத்த மஞ்சள் சட்டை, காலரில் சம்கி. ஆரம்பாக்கம் முதல் மீஞ்சூர் வரை டீக்கடைகளிலும் மஞ்சள் நீராட்டு விழாக்களிலும் அந்த நாடா ஒரு வருடம் ஓடித் தேய்ந்தது. ‘கிணிங் கிணிங் சைக்கிள் பெல்லு, கிட்ட வந்தா நீயே சொல்லு’ என்ற பாட்டின் முதல் ‘கிணிங்’ தாவீதுடையது. மூச்சு விடாமல் நீண்டு, மேலே ஏறி, உச்சியில் நின்று சிரித்துவிட்டுத்தான் பல்லவிக்கு வழிவிடும். பிறகு நட்சத்திரங்களுக்கு வேலை கிடைத்தது. குழு கலைந்தது.

பதினைந்து வருடம் கழித்து யாரோ அந்தக் கிணிங்கை மட்டும் வெட்டி ரிங்டோன் ஆக்கினார்கள். நால்வரில் ஒருவரான, இப்போது பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் ஹனீப்பின் காதில், தன் லாரி டிரைவரின் சட்டைப் பையிலிருந்தே அது விழுந்தது. அடுத்த நிமிடம் தாவீதுக்குப் போன்.

“மச்சான், நம்ம கிணிங்கு இன்னும் உசுரோடகீதுடா! சிடி போட்ருவோம்.”

“யாரு பாடறது?”

“நாமதான்டா. பின்ன நம்ம புள்ளைங்களா?”

சைக்கிள் பெல்லைப் பைக் ஹாரனாக மாற்றலாம் என்று ஹனீப் ஒரு யோசனை சொன்னார். குழுவின் மூன்றாவது ஆள், மீஞ்சூரில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் விக்டோரியா, “மூஞ்சப் பாரு” என்ற இரண்டே சொல்லில் அதை முடித்துவைத்தாள். நான்காவது நட்சத்திரம் அன்புசெல்வன் தன் பங்கைத் துபாயிலிருந்தே பாடி அனுப்பிவிட்டார், ஏசி ஓடும் சத்தத்தோடு.

பொன்னேரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் ஒலிப்பதிவு அறை. சுவர் முழுக்க, எதிரொலியைத் தடுக்க, முட்டை அட்டைகள். ஏழு புதுப்பாட்டு முடிந்துவிட்டது. அதற்கெல்லாம் தாவீது குனிந்து தாளைப் பார்த்தே பாடினார். எட்டாவது, பழைய பாட்டு. அதற்குத் தாள் எதற்கு? நிமிர்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு எடுத்தார்.

“கிணீ…”

உலை இரைச்சலோடு மல்லுக்கட்டிப் பழகிய தொண்டை அது. ஒலி அளக்கும் கருவியில் முள் துள்ளியது. ஒலிப்பதிவு செய்யும் கோபால் சிரித்துக்கொண்டே, கொஞ்சம் மெதுவாக அண்ணே என்பதுபோல, உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டி அசைத்தான். தாவீதின் குரல் பட்டென்று நின்றது.

மறுபடி. மறுபடியும் கை. மறுபடியும் அமைதி. ஒன்பது முறை.

“இன்னாடா, பிரேக் அடிச்ச மாரி நிக்கிற?” என்றார் ஹனீப்.

“தெர்ல மச்சான். வாய் அதுபாட்டுக்கு மூடிக்குது.”

“பேஜாராபூடும் போலகீதே. ரெண்டு மணிக்குக் கல்யாண வீடியோக்காரங்க வந்துடுவாங்க. ஒண்ணு பண்லாம். அந்தக் கிணிங்க மட்டும் நான் போட்டுட்றேன். நீ கோரஸ்ல நில்லு.”

தாவீது தலையாட்டினார். தலைதான் ஆடியது. நாளை காலை கிரேன் கூண்டுக்கு முப்பத்தெட்டுப் படி ஏறும்போது கீழேயிருந்து யாராவது ‘கிணிங் அண்ணே’ என்பார்கள். கிணிங் ஹனீப்பின் குரலாகிவிட்டால், அந்தப் பெயருக்குத் தான் எப்படித் திரும்பிப் பார்ப்பது?

“கடைசியா ஒரு வாட்டி,” என்றார்.

அதே நேரத்தில்தான், கோபாலையும் சேர்த்து நாலு பேருக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு சாராள் மாடியேறி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். பத்தாவது கிணிங் எழுந்தது. கோபாலின் கை நீண்டது. கிணிங் செத்தது.

சாராள் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ தம்பி! நீ நிறுத்து நிறுத்துன்னு சொல்லிக்கினு கீற, அவரு நிறுத்தினு கீறாரு! எங்க ஊட்ல ரசமே இப்டித்தான் நிக்கும்!”

“நான் மெதுவான்னுதானக்கா சொன்னேன்?”

“மெதுவாவுக்கு இது வேணும்.” விரலைச் சுழற்றி, அதன் மேல் மறு கையைக் குடையாகப் பிடித்தாள்.

கண்ணாடிக்குள் தாவீதின் முகம் முதலில் வெளுத்து, பிறகு பதினாறு வயதுக்குப் போனது. விக்டோரியா கழுத்தில் தொங்கிய விசிலை ஊதி, “கோபால், கை கட்டு!” என்றாள். அவன் நிஜமாகவே கட்டிக்கொண்டான்.

மணி ஒன்று ஐம்பத்தைந்து. சாராள் கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றாள். குடைக்குக் கீழே விரல் சுழன்றது. கிணிங், இறாலின் மீசைபோல மெல்லிசாகப் புறப்பட்டது. முள் துள்ளவில்லை. அவள் குடையை எடுத்தாள். குரல் ஏறியது, முட்டை அட்டைகளைத் தாண்டி, இன்னும் ஏறியது. நாலு எண்ணிக்கையில் முடிய வேண்டியது எட்டைத் தாண்டியது. படிக்கட்டில் கல்யாண வீடியோக்காரர்களின் செருப்புச் சத்தம். பல்லவிக்காக வாயைத் திறந்தபடி நின்ற ஹனீப் தாங்க முடியாமல் கையை நீட்டப் போனார். விக்டோரியா அந்தக் கையைப் பிடித்துத் தன் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

சாராளின் விரல் மட்டும் மேலே பார்த்துச் சுழன்றுகொண்டே இருந்தது.