அலமாரிக்குக் கீழே ஒரு படுக்கை

கேரவன் வாங்க வருகிறவர்கள் முதலில் விளக்கைத்தான் பார்ப்பார்கள். கூரை ஓரமாக ஓடும் நீல வெளிச்சம், வெள்ளை சோபா, ஆளுயரக் கண்ணாடி, சுவருக்குள் மறைந்துகொள்ளும் டிவி. "அட, வீடு மாதிரியே இருக்கே!" என்று வாயைப் பிளப்பார்கள். வீடு ஓடாது, இது ஓடும் என்கிற சின்ன விஷயம் மட்டும் அந்த நேரத்தில் யார் நினைவுக்கும் வராது. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அதே ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அப்படித் திரும்பி வருகிறவர்களை எதிர்கொள்வதுதான் நொட்டையக்காவின் வேலை.

அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, கேரவன் கட்டுகிற பட்டறையின் முதலாளியான அவளுடைய சொந்த அண்ணன்தான். எதைக் காட்டினாலும் நொட்டை சொல்கிறாளாம். பட்டறை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நொட்டை இருந்தா சொல்லாம, மடியில வச்சுக் கொஞ்சவா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த நொட்டைக்குப் போய்விடுவாள்.

திரும்பி வருகிறவர்களின் புலம்பல் அவளுக்கு மனப்பாடம். வளைவில் திரும்பினால் டிராயர் எல்லாம் ஒரே நேரத்தில் நாக்கை நீட்டுகிறது. ஈரத் துண்டைப் போட ஒரு கொக்கி கிடையாது. குப்பைக்கூடைக்கு இடமே விடவில்லை. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் தூங்குகிற புருஷனைத் தாண்டிக் குதிக்க வேண்டும். எங்கோ ஒரு கதவு வழியெல்லாம் கிறீச்சிடுகிறது, எந்தக் கதவென்று கடவுளுக்குத்தான் தெரியும். வெள்ளை சோபாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீட்டில் குழந்தை இருந்தால் போதும். ஆனால் பழைய மாடல் ஒன்றில் படுத்தபடியே வெளியே பார்க்கிற உயரத்தில் ஜன்னல் வைத்திருந்தார்கள். அந்த வண்டியை வாங்கியவர்கள் யாரும் அதை விற்கவே இல்லை. வண்டி வாங்கும்போது அந்த ஜன்னலை ஒருவர்கூடக் கவனித்ததும் இல்லை.

இதெல்லாம் அவளுக்குக் கேட்டுத் தெரிந்தது மட்டுமல்ல, பட்டுத் தெரிந்ததும்கூட. புருஷனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையும் ஒரு பெட்டியுமாக அவள் வந்து நின்றபோது, அண்ணன் மாடியறையைக் கழுவித் தயாராக வைத்திருந்தான். அவள் வாசல்படி ஏறவில்லை. "உன் வீட்டுல இருந்தா உன் பேச்சைக் கேக்கணும். அது எனக்கு ஆகாது அண்ணே" என்று சொல்லிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் யாரோ கோபத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு கேரவனில் குடியேறினாள். சொந்தக்காரர்கள் மானம் போகிறது என்றார்கள். அவள் வண்டியின் கண்ணாடியிலிருந்து மதில்வரை கயிறு கட்டி, தெருவுக்கே தெரிகிற மாதிரி துணி காயப்போட்டாள். மகள் அந்த வண்டியின் மடக்கு மேஜையில்தான் எழுதப் படித்தாள். அம்மாவும் மகளும் அங்கே முட்டிக்கொள்ளாத மூலை கிடையாது. ஒருநாள் வீங்கிய முழங்காலோடு பட்டறைக்குள் நொண்டி நொண்டி வந்து, "அந்தப் பாத்ரூம் கதவை எந்த மடையன் வச்சது?" என்று கத்தினாள். வைத்தது அண்ணன்தான். மறுநாளிலிருந்து அவளுக்கு அங்கே வேலை.

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு வழக்கம். எந்த வண்டியும் கைமாறுவதற்கு முன் நொட்டையக்கா அதில் ஒரு வேளை சமைப்பாள். தச்சர், எலெக்ட்ரீஷியன், தையல்காரர் எல்லாரும் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு பாத்திரங்களை அலமாரியில் அடுக்கிவிட்டுக் குண்டும் குழியுமான குவாரி ரோட்டில் வண்டியை விடுவாள். எது திறக்கிறதோ, எது விழுகிறதோ, அதைத் திருத்தினால்தான் அவள் இடுப்பிலிருந்து சாவி இறங்கும்.

புது மாடல் அண்ணியின் கைவண்ணம். அண்ணிக்கு நல்ல கண், அதை நொட்டையக்காவே ஒப்புக்கொள்வாள். அந்த மரநிறத்தையும் மெல்லிய வெளிச்சத்தையும் பார்த்தால் வெளியே வரவே மனசு வராது. ஆனால் படுக்கைக்கு மேலே இருக்கிற நீள அலமாரியில் ஒரு ஸ்க்ரூ தலைகூடத் தெரியக்கூடாது என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். தச்சரும் பசையைத் தடவி, சின்னப் பின்களை அடித்து ஒட்டிவிட்டார். காட்சிக்கு நிறுத்திய வண்டி என்பதால் அந்த அலமாரியில் இதுவரை ஒரு கரண்டிகூட ஏறியதில்லை. காலியாக இருக்கும்வரை அது நன்றாகத்தான் நின்றது.

அந்த வண்டியைத்தான் ஒரு நர்ஸ் கேட்டு வந்தாள். ஊர் ஊராகப் போய்த் தற்காலிகமாக வேலை பார்க்கிறவள். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அப்பாவைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டை விற்றுவிட்டாள். அப்பா அந்தப் படுக்கையில் படுத்தபடியே வருவாராம். மறுவாரமே அடுத்த ஊரில் வேலை. அவளுடைய சாமான்கள் எல்லாம் ஒரு டெம்போவில் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டன.

"இன்னைக்குச் சமையல் கிமையல் ஒண்ணும் வேணாம். சோபா பூரா வெள்ளை. சாவியக் குடு" என்றான் அண்ணன்.

"அலமாரிக்கு ஸ்க்ரூ போடச் சொல்லு, குடுக்கறேன்."

"ஸ்க்ரூ தலை தெரிஞ்சா அம்மைத் தழும்பு மாதிரி இருக்குமே" என்றாள் அண்ணி.

நர்ஸுக்கே எரிச்சல் வந்துவிட்டது. "அக்கா, எனக்குப் பிடிச்சிருக்கு. அந்த அழகுக்காகத்தான் இதையே கேட்டேன். உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"அழகா இருக்குதான். யாரு இல்லன்னா? நான் அந்தப் படுக்கையைப் பத்திப் பேசறேன்."

பட்டறையில் ரம்பச் சத்தம் நின்றுபோனது. எல்லாரும் வேலை பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு இந்தப் பக்கமே பார்த்தார்கள். அண்ணன் பல்லைக் கடித்தான். "சாவியக் குடுக்கலேன்னா நாளையிலேர்ந்து இங்க வராதே."

அந்தப் பட்டறையை விட்டால் போக்கிடம் எது என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

"வரல. இந்த வண்டியும் போகாது."

அண்ணன் கையை ஓங்காத குறை. வாங்க வந்தவள் எதிரில் நின்றதால் அடக்கிக்கொண்டான். நொட்டையக்கா நர்ஸ் பக்கம் திரும்பினாள். "சாமான் எல்லாம் வாசல்லதானே நிக்குது? ஏத்துங்க. நானே ஓட்டறேன். சமைக்கல, சோபாவைத் தொடல. குவாரி ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வந்ததும் சாவி உங்க கையில. அப்புறம் நான் வேலைக்கு வரலேன்னாலும் பரவால்ல."

மறுக்க யாருக்கும் வழியில்லை. குக்கர், இரும்புச் சட்டி, மாவு டின்கள், மருந்துப் பெட்டிகள் என்று எல்லாமே மேல் அலமாரிக்குப் போயின. கதவு பூப்போலச் சாத்திக்கொண்டது. "பாத்தியா?" என்றான் அண்ணன்.

"பாத்தேன். இப்ப நீ படு."

"என்னது?"

"அவங்க அப்பா படுக்கற இடத்துல நீ படு அண்ணே. உன் அலமாரி, உன் பட்டறை. உனக்கென்ன பயம்?"

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் எல்லாரையும் ஒருமுறை முறைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய் மல்லாந்து படுத்தான். நர்ஸ் எதிர் சோபாவில் உட்கார்ந்தாள். அண்ணி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். நொட்டையக்கா வண்டியைக் கிளப்பினாள்.

தெரு வழவழவென்று இருந்தது. பள்ளிக்கூடம் தாண்டியது, பெட்ரோல் பங்க் தாண்டியது. அவள் வேண்டுமென்றே எதிலும் ஏற்றவில்லை, இடிக்கவில்லை. அப்படிச் செய்தால் குறை வண்டியில் இல்லை, ஓட்டுகிறவளிடம் என்பான் அண்ணன். ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏறி இறங்கியபோது உள்ளே பாத்திரம் ஒன்று நகர்ந்து, மரத்தில் கிர்ரென்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். அண்ணனுடைய கண் அலமாரியின் மூலையை விட்டு நகரவே இல்லை. கைகள் படுக்கையின் இரண்டு ஓரங்களையும் பிடித்திருந்தன.

குவாரி ரோட்டுக்குத் திரும்ப இண்டிகேட்டர் போட்டாள். முதல் குழி இன்னும் தூரத்தில் இருந்தது. வண்டி திரும்பக்கூட இல்லை. அண்ணன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததோடு நிற்காமல் தள்ளி வந்து கதவோரமாக நின்றுகொண்டான்.

"என்ன சார்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஒண்ணுமில்லம்மா. லேசா இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

நர்ஸ் அலமாரியைப் பார்த்தாள். காலியான படுக்கையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீங்க எந்திரிச்சுட்டீங்க சார்" என்றாள். "எங்கப்பாவால எந்திரிக்க முடியாது."

நொட்டையக்கா இண்டிகேட்டரை அணைத்துவிட்டு வண்டியைப் பட்டறைப் பக்கம் திருப்பினாள்.