மாதாவுக்கு வைத்த பொட்டு

வுப்பர்டாலில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், ஒரு போலந்துக்காரி ஐந்து மாதம் குடியிருந்தாள். அவள் போலந்துக்காரி என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அம்மா அவளை மடு மாதா என்று நினைத்திருந்தார்.

கீழ்வீட்டு ஜெர்மன் கிழவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது, அவருடைய மகன் நிலவறைச் சாமான்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்பா ஒரு கதிரையையும் இந்தப் படத்தையும் தூக்கி வந்தார். நீலச் சால்வை போர்த்திய பெண், மடியில் குழந்தை. கண்டதும் அம்மா கும்பிட்டார். சைவக்காரி என்றாலும் ஊரில் இருந்தவரை ஆடித் திருவிழாவுக்கு மடு மாதா தேவாலயத்துக்குப் போகத் தவறாதவர் அவர். வெள்ளிதோறும் பிள்ளையாருக்கு வைத்த கையோடு மாதாவின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். குழந்தைக்குத் திருநீறு.

எனக்கு எட்டு வயது. கால் சுளுக்கி நான் வீட்டில் கிடந்த வாரம், வகுப்பாசிரியை வீட்டுப்பாடம் கொண்டுவந்தார். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் சாமித்தட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு படத்தைத் திருப்பினார். பின்னால் ஒட்டியிருந்த பழைய காகிதத்தை வாசித்தார். பிறகு நீளமாகப் பேசினார்.

வீட்டுக்கு வரும் ஜெர்மன் எல்லாம் என் வாய் வழியாகத்தான் தமிழாகும். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. படம் போலந்தில் ஒரு சிறு நகரத்து அருங்காட்சியகத்துக்குச் சொந்தம், போர்க்காலத்தில் ஜெர்மன் ராணுவம் அந்த நகரத்தைப் பிடித்து வைத்திருந்தபோது கொள்ளை போயிருக்கும் என்றார் ஆசிரியை. நான் சுருக்கிச் சொன்னேன்.

“இது மியூசியத்தில களவெடுத்த படமாம். ஆக்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப வருவாவாம்.”

போரை விட்டுவிட்டேன். எனக்கு அது தேவையில்லாத கதையாகப்பட்டது.

அன்று பிடித்த பயம் பத்து நாள் எங்களை விடவில்லை. ஆமி எங்கள் ஊரைப் பிடித்தபோது வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. களவுக்கேஸ் ஒன்று போதும், எங்களை விமானத்தில் ஏற்றிவிட. செய்தி கேட்டு ஓடிவந்த சித்தப்பா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“அண்ணை, இண்டைக்கே ஆத்துக்குள்ள எறிஞ்சுபோட்டு வாங்கோ.”

“ரீச்சர் கண்டிட்டா. இனி எறிஞ்சாத்தான் நாங்கள் கள்ளர்” என்றார் அப்பா.

பொட்டையாவது அழித்துவிடலாம் என்று அம்மா ஈரத்துணியால் துடைத்தார். குங்குமத்தோடு நக அளவு சாயமும் பெயர்ந்து வந்தது. அம்மா அந்தத் துணியாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பிறகு யாரும் படத்தின் பக்கம் போகவில்லை. அழைப்புமணி அடித்தால் அப்பா எங்களைக் கையமர்த்திவிட்டு யன்னல் சீலையை விரலால் விலக்கிப் பார்ப்பார். கடிதங்களும் கம்பளிச் சட்டைகளும் திணித்த பை ஒன்று வாசலிலேயே இருந்தது. என்னைக் கொழும்பில் இறக்கினால் யாரிடம் போவது என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினோராம் நாள் ஆசிரியை வந்தார். கூட பொலிஸ் இல்லை, வெள்ளைக் கையுறை போட்ட ஒரு நரைத்த பெண்மணி மட்டும். அருங்காட்சியகத்தில் வேலை செய்பவராம். நெற்றியில் இருந்த கறையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

கழுத்துவரை பொத்தான் போட்டிருந்த அப்பா எழுந்து நின்றார். “நான்தான் செய்தனான் எண்டு சொல்லு.”

“இல்லை பிள்ளை, நான்தான். அவருக்கு ஒண்டும் தெரியாது” என்றார் அம்மா.

நான் இரண்டையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கறையை எடுத்துவிடலாமாம். இது மாதா இல்லையாம், ஒரு மாவு ஆலைக்காரரின் மனைவியும் மகளுமாம். பிறகு அப்பாவைப் பார்த்து மெதுவாகப் பேசினார். இந்தமுறை நான் ஒன்றையும் விடவில்லை.

“ஆமி வந்து ஊரைப் பிடிச்சு வைச்சிருக்கேக்க தூக்கிக்கொண்டு போனதாம் அப்பா. எங்களில ஒரு பிழையும் இல்லையாம்.”

அப்பா பொத்தென்று கதிரையில் இருந்தார். பிறகு, “இவ்வளவு காலத்துக்குப் பிறகும் திருப்பிக் குடுப்பினமோ எண்டு கேள்” என்றார்.

எத்தனை வருடமானாலும் கொடுக்கவேண்டும் என்றார் அந்தப் பெண்மணி.

அன்று பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டு அந்தப் பெண்மணிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் ஜெர்மனில் எழுதினேன். தையல் மெஷின். இரண்டு சைக்கிள். கிணற்றுக் கப்பி. முன்கதவு, நிலையோடு.

“கதவை ஏன் அப்பா கேக்கிறீங்கள்? எங்களுக்குக் கதவு இருக்குத்தானே?”

“நீ எழுது பிள்ளை.”

பள்ளிக்கூடத்தில், பரிசு கொண்டுவரும் நிக்கொலாஸ் தாத்தாவுக்கு எழுதுவது போன்ற ஆசைக் கடிதம் என்றுதான் நினைத்தேன். கடைசி வரியில், யாரிடமும் சொல்லாமல், எனக்கென்று ஒரு சோடி ரோலர் ஸ்கேட்டும் சேர்த்தேன். ஜெர்மன் வாசிக்கத் தெரியாத அப்பா அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்.