சேந்தமங்கலத்து டிராக்டர்

என் வீட்டுக்காரருக்குச் சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலோடு காது போய்விட்டது. பேச்சும் மெல்லத் தேய்ந்து நின்றுபோனது. கல்யாணமாகி வந்த பிறகு எங்கள் இருவருக்குள்ளும் கையாலேயே ஒரு பாஷை உண்டாயிற்று. நெற்றியைத் தொட்டால் வெயில், கழுத்தைத் தொட்டால் மாடு. வேறு யாருக்கும் அது புரியாது. சந்தையிலும் விசேஷ வீடுகளிலும் அவருக்குப் பதிலாகப் பேசுவது நான்தான்.

யுத்தம் முடிந்த சமயம் வெக்கை நோய் வந்து எங்கள் உழவு மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் காடு, முழுக்க மானாவாரி. கோடை மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அடுத்தவர் மாடு வேலை முடிந்து கிடைக்கிறவரை மண் காத்திருக்காது. அப்போதுதான் சேந்தமங்கலத்தில் ஒரு பண்ணைக்காரர் பழைய டிராக்டர் ஒன்றை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். யுத்தத்தில் சீமெண்ணெய் கிடைக்காமல் அது கொட்டகையிலேயே நின்றுவிட்டதாம்.

மார்கழியில் கிளம்பினோம். நாமக்கல்லில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, அந்தக் கரி வாயுவிலேயே மூச்சிரைத்து ஓடும் பஸ் அது. சேந்தமங்கலத்தில் இறங்கிப் பார்த்தால் கொல்லிமலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது. சோளத்தட்டுப் போர்கள் பனியில் மிதந்துகொண்டிருந்தன. நாங்கள் நடக்கிறோமா, பாதைதான் எங்களுக்கு அடியில் நகர்கிறதா என்று தெரியவில்லை. அவர் முன்னால் போனார். பத்தடி தள்ளிப் போனாலே கரைந்துவிடுவார் போலிருந்தது. கூப்பிட்டாலும் கேட்காதே என்று நான் அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

பண்ணைக்காரர் வயதானவர். தனியாக இருந்தார்.

"வா அம்மிணி, வாங்க மாப்பிள்ளை," என்றார்.

"அவருக்குக் காது கேக்காதுங்க மாமா. என்ற கிட்டச் சொல்லுங்க," என்றேன்.

பெரியவர் அவரை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

ஓலைத் தடுக்குகளை விலக்கியதும் டிராக்டர் தெரிந்தது. மேலெல்லாம் துரு, பின்பக்கம் பல் வைத்த இரும்புச் சக்கரங்கள். இருக்கையில் ஒரு கோழி அடை படுத்திருந்தது. பெரியவர் அதை முட்டைகளோடு கூடையில் எடுத்து வைத்துவிட்டு வந்து சொன்னார்: "ஒளிக்க மாட்டேன் அம்மிணி. ஓடறப்ப இது ஒரு காலு நொண்டும். ஏன்னு எனக்குத் தெரியாது."

என் வீட்டுக்காரருக்குக் கையால் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். எங்கள் கிணற்றில் ஆயில் எஞ்சின் உண்டு. தண்ணீர்க் குழாய்மேல் உள்ளங்கையை வைத்தே அது எப்படி ஓடுகிறதென்று சொல்லிவிடுவார். அதைக் கழற்றிப் பூட்டுவதும் அவரே. அந்தப் பழக்கம்தான் அவர் கற்றதெல்லாம்.

அடியில் படுத்து எண்ணெய்த் திருகைத் தளர்த்தினார். கையில் விழுந்த சொட்டை விரலிடுக்கில் தேய்த்து, மோந்து பார்த்தார். கறுப்பாக இருந்தாலும் தண்ணீர் கலக்கவில்லை. ரேடியேட்டரில் ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டு, ஒழுகுகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு முன்னால் ஹேண்டிலைச் செருகி மெல்லச் சுற்றினார். இறுகிப் போகாமல் சுற்றிற்று. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் கிளம்ப மாட்டேன் என்றது. பனியில் இரும்பெல்லாம் குளிர்ந்து கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பெரியவர் வீட்டு வெந்நீர் அடுப்புத் தணலில் அவற்றைச் சூடாக்கி, பழந்துணியில் பொதிந்து ஓடி வந்தேன். மறுபடி பூட்டி, கொஞ்சம் பெட்ரோல் ஊட்டி, ஹேண்டிலை வெட்டி இழுத்தார். ஒரு முறை அது திருப்பி உதைத்தது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டதால் தப்பினார். அடுத்த இழுப்பில் டிராக்டர் பெருமூச்சு விட்டு, கரும்புகை கக்கி, உயிர்பெற்றது.

கொட்டகை முழுக்க நடுங்கியது. ஓலையில் நின்ற பனித்துளிகள் மழைபோல் எங்கள்மேல் உதிர்ந்தன. அவர் கண்ணை மூடி எஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையை இழுத்துத் தம் கைக்குப் பக்கத்தில் வைத்தார். நடுக்கம் முழங்கை வழியாக ஏறி நெஞ்சுக்குள் போயிற்று. உலகம் அவருக்கு இப்படித்தான் கேட்கிறதா என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. மூன்று அடி நேராக வைத்து நாலாவதில் தடுமாறும் நடை ஒன்று எனக்கும் தெரிந்தது.

காய்ந்த குச்சியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து எடுத்து மாட்டினார். நாலு வயர்களில் மூன்றில் எதைக் கழற்றினாலும் எஞ்சின் திணறிற்று. ஒன்றைக் கழற்றியபோது மட்டும் அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. எஞ்சினை நிறுத்தி, அந்தப் பிளக்கைப் பக்கத்துத் துளையில் மாற்றிப் பூட்டி ஓட்டினார். நொண்டலும் பக்கத்துக்குப் போயிற்று.

"பிளக்குதான் கெட்டிருக்குதுங்க மாமா. உள்ள பழுதில்லீங்க," என்றேன்.

பெரியவர் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அதெல்லாஞ் சரி அம்மிணி. ஆனா நான் குடுக்கமாட்டேன். பின்னால ஒரு கொழந்தை வந்து நின்னு கத்துனா இவருக்குக் கேக்குமா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாஞ் சாமி."

எனக்குக் கோபமும் அழுகையும் வந்தன. பெரியவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதை எப்படிக் கையால் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். என் வீட்டுக்காரர் இருக்கையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து, ஏறு என்று கை காட்டினார்.

"ஏனுங்க, பொம்பளையா?" என்று பெரியவர் அவரிடமே கேட்டார், கேட்காது என்பதை மறந்து.

"எனக்குக் காது கேக்குமுங்களே மாமா," என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ.

பெரியவர் ஒதுங்கி நின்று என்னை ஏறவிட்டார். பிறகு காலடியில் எதை மிதிப்பது, எதைத் தள்ளுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காலை மெல்ல எடுத்தேன். ஒரு குலுக்கு, ஓர் உறுமல். கொட்டகை என் பின்னால் போய்விட்டது.

தரிசுக் காட்டில் பனி கிழிந்து வழிவிட்டது. அவர் எனக்கு எதிரே, கண்ணில் படும்படி, பின்பக்கமாகவே நடந்தார். இரண்டு கையையும் விரித்து இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று காட்டிக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் கொல்லிமலை கொஞ்சம் கொஞ்சமாக வானத்திலிருந்து இறங்கி வந்தது. பயம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. நிறுத்தத் தெரியாமல் இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

பெரியவர் டிராக்டரைக் கொடுத்தார். வண்டித்தடங்களிலேயே ஊர் ஊராக உருட்டிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் சனம் கூடி நின்றது.

அந்தச் சித்திரையில் நல்ல மழை. விடியலில் ஏறி உழ ஆரம்பித்தேன். அவர் வெறுங்காலோடு உழவுசாலில் பின்னால் நடந்து வந்தார். வெயில் ஏறியதும் கரையோரம் எஞ்சினை நிறுத்தினேன். அமைதியில் பின்னாலிருந்து ஒரு குரல். வார்த்தையில்லாமல், ராகமில்லாமல், ஏறி இறங்கி வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர்தான், மண்ணைப் பார்த்தபடி பாடிக்கொண்டு வந்தார். அப்படி ஒரு குரல் அவருக்கு இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் பக்கத்தில் வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.